பிழைக் காசும் நோட்டக்காரரும்

திருத்தணி மலைக்கோயிலுக்கு ஏறும் படிகள் 365. நாளுக்கு ஒரு படி என்று கணக்கு. டிசம்பர் 31 படித்திருவிழா அன்றும், ஆடிக் கிருத்திகை அன்றும் அந்தப் படிகளில் கால் வைக்க இடம் கிடைக்காது. சென்னைப் பக்கத்துச் சில்லறையும், திருப்பதிப் பக்கத்துச் சில்லறையும் ஒரே நாளில் ஒரே கல்லாப் பெட்டியில் வந்து விழும் ஊர் இது.

அடிவாரத்தில் பூக்கடை வைத்திருக்கும் ஒருவர், திருவிழா இரவில் சில்லறையை எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு 10 ரூபாய் நாணயம் கையில் வித்தியாசமாகத் தட்டுப்படுகிறது. வெளியே பொன்னிற வளையம், உள்ளே வெள்ளி நிற வட்டம், எல்லாம் சரி. ஆனால் சிங்க முகம் நடுவில் இல்லை. ஒரு ஓரமாக நழுவிப் போயிருக்கிறது. எதிர் ஓரத்தில் பிறைநிலா மாதிரி வெறும் உலோகம்.

பக்கத்துக் கடைக்காரர் பார்த்துவிட்டு "இது லட்சக்கணக்கில் போகும்" என்கிறார். கல்லூரிக்குப் போகும் மகன், "அமெரிக்காவுக்கு அனுப்பி கிரேடிங் பண்ணினால்தான் விலை போகும்" என்கிறான். பூக்கடைக்காரர் என்ன செய்யலாம்? அனுப்பலாமா, வேண்டாமா?

பார்க்கச் சின்னக் கேள்விதான். ஆனால் இதற்குள் இரண்டு வரலாறுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, காசில் 'பிழை' என்ற ஒன்று எப்போது பிறந்தது என்பது. இன்னொன்று, முன்பின் தெரியாதவர்கள் ஒரு காசை நம்புவதற்கு நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பது. மூன்றாவது ஆளின் கதைதான் பழையது. அதிலிருந்தே தொடங்கலாம்.

சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு 'வடம வண்ணக்கன் பேரிசாத்தனார்' என்ற புலவர் பெயர் நினைவிருக்கும். புறநானூற்றில் அவர் பாட்டு உண்டு. பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரை மனப்பாடம் செய்தவர்கள் பலர், ஆனால் 'வண்ணக்கன்' என்றால் என்ன என்று கேட்டவர்கள் குறைவு. வண்ணக்கன் என்றால் நாணயத்தைப் பரிசோதிப்பவன், காசு நோட்டம் பார்ப்பவன். ஆக, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் காசைக் கையில் வாங்கி 'இது நல்லது, இது கள்ளது' என்று சொல்வது ஒரு தொழில். அந்தத் தொழில் செய்தவர் கவிதையும் எழுதியிருக்கிறார். (இன்றைய ஆடிட்டர்களில் எத்தனை பேர் எழுதுகிறார்கள்?)

அர்த்தசாஸ்திரத்திலும் இதே ஆள் வருகிறார். அங்கே அவருக்கு 'ரூபதர்சகர்' என்று பெயர். கருவூலத்துக்கு வரும் நாணயங்களைப் பார்ப்பது அவர் வேலை. அதற்குத் தனியாகப் பரிசோதனைக் கட்டணமும் உண்டு: நூறு பணத்துக்கு எட்டில் ஒரு பணம். இந்த விகிதத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சோழர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலை முறைக்காக எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே கல்வெட்டுகளில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றோடு 'பொன் வாரியம்' என்றும் ஒன்று இருக்கிறது. பொன்னின் மாற்றைச் சரிபார்க்கும் குழு என்று வரலாற்றாசிரியர்கள் விளக்குகிறார்கள். ஒரு ஊரே குடவோலை போட்டு நோட்டக்காரரைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. பொன்னை வாங்குபவரும் கொடுப்பவரும் ஒருவரை ஒருவர் நம்ப முடியாத இடத்தில், இருவருக்கும் பொதுவான ஒரு கண் தேவைப்பட்டிருக்கிறது.

கம்பெனி காலத்தில் இந்த வேலை சராப்புகள் கைக்குப் போனது. ஆற்காட்டு ரூபாய், பூவராகன், பணம், டச்சுக்காரன் காசு, பிரெஞ்சுக்காரன் காசு என்று எத்தனையோ வகை புழங்கிய காலம். எந்தக் காசுக்கு எவ்வளவு வட்டம் பிடிப்பது என்று சொல்ல சராப்பு இல்லாமல் சந்தையே நடக்காது. அவர் காசைத் தட்டி ஓசை கேட்பார், உரசிப் பார்ப்பார், எடை போடுவார். பல இடங்களில் பார்த்ததற்கு அடையாளமாகச் சின்ன முத்திரை ஒன்றைக் காசின் மேலேயே குத்தியும் விடுவார். அந்த முத்திரை குத்திய ரூபாய்கள் இன்றைக்கும் கிடைக்கின்றன. அன்றைக்கு நம்பிக்கை தந்த அதே முத்திரை, இன்றைக்குச் சேகரிப்பாளர் கண்ணில் 'சேதம்'. விலையைக் குறைத்துவிடும். தமிழில் நாணயம் என்ற ஒரே சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். இரண்டும் எப்போதும் சேர்ந்தே வராது என்பதால்தான் சராப்புக்குப் பிழைப்பு நடந்தது.

கவனிக்க வேண்டிய விஷயம், வண்ணக்கரும் சராப்பும் உலோகத்தையும் எடையையும்தான் பார்த்தார்கள். சின்னம் நடுவில் இருக்கிறதா, ஓரத்தில் இருக்கிறதா என்று அவர்கள் கவலைப்படவே இல்லை. ஏனென்றால் அப்போது எல்லாக் காசுமே கோணல்தான். ஆற்காட்டு ரூபாய் மாதிரியான பழைய நாணயங்களில் அச்சு பெரிதாக இருக்கும், உலோக வில்லை சிறிதாக இருக்கும். வில்லையை அச்சில் வைத்துச் சம்மட்டியால் ஒரு அடி. எழுத்தில் பாதி விழும், பாதி விழாது. ஒரு காசில் மன்னன் பெயரின் முன்பாதி, இன்னொன்றில் பின்பாதி. ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகள்கூட ஒன்றுபோல் இருக்காது. எல்லாமே வேறு வேறு என்றால் எதைப் 'பிழை' என்று சொல்வது?

பிழைக் காசு என்பது இயந்திரத்தின் குழந்தை. அதைச் சென்னையில் காசுகளை வைத்தே பார்க்கலாம். 1803ல் கம்பெனி, சென்னை மாகாணத்துக்கான செப்புக் காசுகளை இங்கிலாந்தில் மேத்யூ போல்டனின் சோஹோ ஆலையில் நீராவி இயந்திரத்தில் அடித்து வரவழைத்தது. ஒரு காசு, 5 காசு, 10 காசு, 20 காசு. அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்த காசுகள். 1808 என்று ஆண்டு போட்ட 10, 20 காசுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரையைத் தாண்டுவதற்குள் குட்வின் மணல் திட்டில் மோதி மூழ்கிவிட்டது. 1980களில் அதிலிருந்து லட்சக்கணக்கில் காசுகளை அள்ளினார்கள். இருநூறு வருடம் பழையது, கப்பல் கதை வேறு கூடவே வருகிறது, ஆனாலும் இந்தக் காசுகள் மலிவாகத்தான் கிடைக்கின்றன. காரணம், எண்ணிக்கை. பழையதாக இருந்தால் விலை கூடும் என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை படிக்க வேண்டும்.

சென்னையிலும் 1807 வாக்கில் இயந்திரங்களோடு புது நாணயச்சாலை வேலையை ஆரம்பித்தது. அங்கே அடித்த வெள்ளிப் பூவராகன் காசுகளில் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் விஷ்ணு உருவம். அதைச் சுற்றித் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து. இரண்டு மொழியும் ஒரே தெருவில் பேசப்படும் திருத்தணிக்கு இதைவிடப் பொருத்தமான காசு வேறு இருக்க முடியாது. 1869ல் சென்னை நாணயச்சாலையை மூடிவிட்டார்கள். தங்கசாலைத் தெரு என்ற பெயர் மட்டும் மிச்சம்.

ஒன்றுபோல் ஆயிரம் காசு வெளியே வந்தபிறகுதான், ஆயிரத்தொன்றாவது காசு வேறு மாதிரி இருந்தால் கண்ணில் பட ஆரம்பித்தது. ஆனால் இதிலும் ஒரு குழப்பம் உண்டு. வடிவமைப்பில் நேர்ந்த தவறு வேறு, அடிக்கும்போது நேர்ந்த தவறு வேறு.

முதல் வகைக்கு இந்தியாவில் பிரபலமான உதாரணம் 1911ம் வருடத்து ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய். மன்னரின் அங்கியில் சின்னதாக ஒரு யானை. தும்பிக்கை குட்டையாக அமைந்துவிட்டதால் அது பன்றி போலத் தெரிந்தது. ஜனங்கள் கொதித்துப் போனார்கள். அடித்தது சுமார் 94 லட்சம், வெளியே போனது சுமார் 7 லட்சம் என்று நாணயப் பட்டியல்கள் சொல்கின்றன. மீதியை நிறுத்திவிட்டு, 1912ல் தும்பிக்கையைத் தெளிவாகக் காட்டி மறுபடி அடித்தார்கள். 'பன்றி ரூபாய்' என்றே இதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. இது பிழைதான், ஆனால் லட்சக்கணக்கில் ஒரே மாதிரி இருக்கும் பிழை.

பூக்கடைக்காரர் கையில் இருப்பது இரண்டாவது வகை. நாணயச்சாலையில் இயந்திரம் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் அடித்துத் தள்ளும்போது எப்போதாவது வில்லை சரியாக உட்காராது. அப்போது சின்னம் நழுவும். சில சமயம் முந்தைய காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த காசின் ஒரு பக்கத்தில் அதே உருவம் குழிவாகப் பதியும். சில சமயம் ஒரு அச்சு சுழன்றுவிடும். இந்திய நாணயத்தை இடவலமாகப் புத்தகப் பக்கம்போல் திருப்பினால் மறுபக்கமும் நேராக நிற்க வேண்டும், சுழன்ற அச்சில் அடித்தது சாய்ந்தோ தலைகீழாகவோ நிற்கும். எல்லாவற்றிலும் அதிக மதிப்புப் பெறுவது, ஒரு நாணயத்துக்கான உலோக வில்லையில் இன்னொரு நாணயத்தின் அச்சு விழுவது.

அந்தக் கடைசி வகைக்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் அமெரிக்காவின் 1943ம் வருடத்துச் செப்பு சென்ட். போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அந்த வருடம் ஒரு சென்ட் காசுகளைத் துத்தநாகம் பூசிய இரும்பில் அடித்தார்கள். மிச்சம் கிடந்த சில செப்பு வில்லைகள் எப்படியோ இயந்திரத்துக்குள் போய்விட்டன. 1947ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டான் லூட்ஸ் என்ற 16 வயதுப் பையனுக்குப் பள்ளிக்கூட உணவகத்தில் கொடுத்த சில்லறையில் அப்படி ஒன்று வந்தது. இந்தக் காசைக் கொண்டுவந்தால் ஹென்றி ஃபோர்டு புதுக் கார் தருவார் என்று அப்போது ஊரெல்லாம் வதந்தி. பையன் விசாரித்தான், வெறும் புரளி என்று தெரிந்தது. அரசாங்கக் கருவூலத்துக்கு எழுதிக் கேட்டான். 1943ல் செப்புக் காசே அடிக்கவில்லை, எல்லாமே இரும்புதான் என்ற அர்த்தத்தில் பதில் வந்தது. வேறொருவராக இருந்தால் அதோடு காசைச் செலவழித்திருப்பார். லூட்ஸ் அதை எழுபது வருடத்துக்கு மேல் பத்திரமாக வைத்திருந்தார். 2018ல் அவர் காலமானார். 2019 ஜனவரியில் அந்தக் காசு ஏலத்தில் 2,04,000 டாலருக்குப் போனது. அதற்கு முன்பே அது தரச்சான்று பெற்று, பிளாஸ்டிக் பேழைக்குள் முத்திரையிடப்பட்டுவிட்டது.

இங்கே சான்று தேவைப்பட்டதற்குக் காரணம் தெளிவு. இரும்பு சென்ட்டின் மேல் செம்பு பூசி ஏமாற்றுவது ரொம்ப சுலபம். அதைக் கண்டுபிடிக்க ஒரு காந்தம் போதும், இரும்பு ஒட்டும், செம்பு ஒட்டாது. எடையும் வேறு: செம்பு 3.11 கிராம், இரும்பு 2.70 கிராம். ஆனால் 1948ம் வருடத்துக் காசில் 8ஐச் சுரண்டி 3 ஆக்கினால் காந்தமும் தராசும் காட்டிக்கொடுக்காது. அங்கேதான் பழகிய கண் வேண்டும்.

அமெரிக்காவில் அந்தக் கண் ஒரு வியாபாரமாக மாறிய விதம் சுவாரசியமானது. 1949ல் வில்லியம் ஷெல்டன் என்ற உளவியலாளர், பழைய அமெரிக்க சென்ட் காசுகளுக்காக 1 முதல் 70 வரை மதிப்பெண் போடும் ஒரு அளவுகோலை உருவாக்கினார். தேய்ந்து போனது 1, அப்பழுக்கில்லாதது 70. இன்று உலகம் முழுக்க கிரேடிங் நடப்பது இந்த 70 புள்ளி அளவுகோலில்தான். இதில் வேடிக்கை, அல்லது வேதனை, என்னவென்றால், அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பிலிருந்த உயர்ந்த காசுகளை எடுத்துக்கொண்டு, தன்னுடைய மட்டமான காசுகளை அந்த இடத்தில் வைத்தவர் இதே ஷெல்டன்தான் என்று அவர் இறந்து பல வருடம் கழித்துத் தெரியவந்தது. நோட்டக்காரருக்கே ஒரு நோட்டக்காரர் தேவை என்பது எவ்வளவு பழைய பிரச்சினை!

1980களில் அமெரிக்காவில் காசு முதலீட்டுப் பொருளாகிவிட்டது. விற்பவரே 65 மதிப்பெண் என்பார், திருப்பி அவரிடமே விற்கப்போனால் 60 என்பார். இந்தக் குளறுபடிக்குப் பதிலாக 1986ல் பி.சி.ஜி.எஸ். நிறுவனமும், 1987ல் என்.ஜி.சி. நிறுவனமும் வந்தன. காசை அனுப்பினால் பார்ப்பார்கள், மதிப்பெண் போடுவார்கள், திறந்தால் தெரிந்துவிடும் பிளாஸ்டிக் பேழைக்குள் அடைத்து எண்ணிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். சராப்பு காசின் மேலேயே குத்திய முத்திரை, இப்போது காசைத் தொடாமல் வெளிப்பேழையில் ஏறிவிட்டது. தொழில் என்னவோ அதேதான்.

சரி, திருத்தணிக்குத் திரும்புவோம். பூக்கடைக்காரர் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி விலை அல்ல. அந்தத் தவறு நாணயச்சாலைக்குள் நேர்ந்ததா, வெளியே வந்தபிறகு நேர்ந்ததா? ரயில் தண்டவாளத்தில் வைத்து நசுக்கிய காசை எத்தனையோ பேர் 'அபூர்வம்' என்று காட்டுகிறார்கள். அரக்கோணம் ரேணிகுண்டா பாதையில் வண்டிகளுக்கா பஞ்சம்? சுத்தியலால் தட்டி 10 ரூபாயின் உள்வட்டத்தைத் தள்ளி எடுத்தவர்களும் உண்டு. இரண்டு காசைக் கடைந்து ஒட்டி இருபக்கமும் தலை வரும்படி செய்தவர்களும் உண்டு. இவை எதற்கும் சான்று கிடைக்காது. அனுப்பிய கட்டணம் மட்டும் போய்விடும்.

இரண்டாவது, அது பிழைதானா என்பது. 5 ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1992ல் வந்தது செம்பு நிக்கல் கலவை, 9 கிராம். 2007ல் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறி 6 கிராம் ஆனது. 2009ல் மஞ்சள் நிறத்துக்கு மாறியது. இப்படி உலோகம் மாறும் வருடங்களில்தான் பழைய வில்லையில் புது அச்சு விழும் வாய்ப்பு அதிகம். ஒரு காந்தமும் நகைக்கடைத் தராசும் இருந்தால் முதல் சோதனை முடிந்தது. ஆனால் அவசரப்படக் கூடாது. 2006ம் ஆண்டு போட்ட ஸ்ரீ நாராயண குரு நினைவு 5 ரூபாய் நாணயத்தை அரசே செம்பு நிக்கலிலும் எஃகிலும் அடித்தது. ஒன்று காந்தத்தில் ஒட்டும், மற்றது ஒட்டாது. இரண்டுமே பிழை இல்லை.

10 ரூபாய் விஷயத்தில் இதற்கு நேர்மாறான கூத்து நடந்தது. பல வடிவங்களில் வந்ததால், 'கோடு எண்ணிக்கை மாறினால் கள்ளக்காசு' என்று ஒரு வதந்தி கிளம்பி, தமிழ்நாட்டில் பல ஊர்களில் கடைக்காரர்களும் பேருந்து நடத்துநர்களும் நல்ல காசையே வாங்க மறுத்தார்கள். கடைசியில் 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, 14 வடிவங்களும் செல்லும் என்று அறிக்கை விட வேண்டி வந்தது. 10 ரூபாய் நாணயத்தில் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனின் முகமே 2015ல் வந்திருக்கிறது. அவர் ஊரிலேயே அதை நீட்டினால் வாங்காமல் போயிருப்பார்களோ என்னவோ.

மூன்றாவது, சட்டம். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1972ம் வருடத்துத் தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி நூறு வருடம் பழைய நாணயமும் தொல்பொருள். அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1911ம் வருடத்துப் பன்றி ரூபாய் 2011லேயே இந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. தாத்தா பெட்டியிலிருந்து அது கிடைத்தால் 'அமெரிக்காவுக்கு அனுப்பலாமா' என்ற கேள்விக்கே இடமில்லை, உள்ளூரில் நம்பகமான நாணயவியல் சங்கத்தாரிடமோ ஏல நிறுவனத்திடமோ காட்டலாம். நிலத்தைத் தோண்டும்போது புதையலாகக் கிடைத்தால் 1878ம் வருடத்துப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 10 ரூபாய் நாணயத்துக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

இனி கணக்கு. பி.காம். மாணவர்களுக்குப் பிடித்த பகுதி. கிரேடிங் கட்டணம், பிழைக் காசு என்பதற்கான கூடுதல் கட்டணம், முகவர் கமிஷன், போக வர தபால், காப்பீடு எல்லாம் சேர்த்து 5,000 ரூபாய் ஆகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அர்த்தசாஸ்திரத்தின் எட்டில் ஒரு பணத்தை இப்போது நினைத்துப் பாருங்கள். நூறு பணத்தைப் பார்க்க எட்டில் ஒரு பணம் வாங்கிய இடத்தில், 10 ரூபாயைப் பார்க்க 5,000 ரூபாய். எனவே முகமதிப்பை மறந்துவிட வேண்டியதுதான், சந்தை விலைதான் பேச்சு.

சற்றே நழுவிய அச்சு என்றால் சான்று இல்லாமல் 1,500க்கும், சான்றோடு 4,000க்கும் போகும் என்று வையுங்கள். சான்று விலையைக் கூட்டியது உண்மை. ஆனால் செலவு போக 1,000 ரூபாய் கைநஷ்டம். சும்மா விற்றிருந்தால் 1,500 லாபம். ஆக மொத்தம் 2,500 ரூபாய் வித்தியாசம். இங்கே அனுப்புவது வீண்.

உலோகமே மாறிய காசு என்றால் கதை வேறு. அசலாக இருக்கப் பத்துக்கு மூன்று வாய்ப்பு, அசலானால் 40,000, இல்லையென்றால் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளூர் வியாபாரி பார்த்தவுடன் 3,000 தருகிறேன் என்கிறார். சராசரிக் கணக்குப்படி அனுப்பினால் 12,000, செலவு போக 7,000. 3,000ஐவிட அதிகம், அனுப்பலாம் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் பாடப்புத்தகத்தின் சராசரி ஐம்பது காசு அனுப்பும் வியாபாரிக்குத்தான் பலிக்கும். ஒரே ஒரு காசு வைத்திருப்பவருக்குப் பத்தில் ஏழு தடவை 5,000 ரூபாய் போனது போனதுதான். பூக்கடையில் அது எத்தனை நாள் வருமானம் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். வியாபாரி 3,000க்கு வாங்கிப் பின்னால் 40,000க்கு விற்றால் அவர் ஏமாற்றிவிட்டார் என்று உடனே சொல்லிவிடவும் முடியாது. அந்த ஏழு தடவையின் நஷ்டத்தையும் அவர்தான் வாங்கிக்கொள்கிறார். எடையையும் காந்தத்தையும் காட்டிப் பேசினால் அந்த 3,000 கொஞ்சம் ஏறும் என்பது வேறு விஷயம்.

இதற்கு நடுவில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. 'உங்கள் காசை 10 லட்சத்துக்கு வாங்குகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள், வரி கட்டுங்கள்' என்று அழைப்பவர்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும்கூடப் பயன்படுத்தினார்கள். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே, பழைய நோட்டு, நாணய விற்பனைக்குத் தான் எந்தக் கட்டணமும் கமிஷனும் வாங்குவதில்லை, யாருக்கும் அப்படி அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று எச்சரித்தது. கிரேடிங் நிறுவனமும் முன்கூட்டியே கட்டணம் வாங்குகிறது, மோசடிக்காரரும் வாங்குகிறார். வித்தியாசம் ஒன்றே: கிரேடிங் நிறுவனம் காசை வாங்குவதாகச் சொல்வதில்லை. விற்பவர் கையிலிருந்து பணம் கேட்கும் 'வாங்குபவர்' எந்தக் காலத்துச் சந்தையிலும் இருந்ததில்லை.

முடிவு எதுவானாலும், அதுவரை காசை அப்படியே வைத்திருக்க வேண்டும். நம் வீடுகளில் இதுதான் நடக்காது. பளபளப்பாக்குகிறேன் என்று புளி போட்டுத் தேய்ப்பார்கள், விபூதி போட்டுத் துலக்குவார்கள். ராணி படம் போட்ட வெள்ளி ரூபாய்க்குக் காது வைத்துப் பற்றவைத்துக் காசுமாலையில் கோர்ப்பார்கள். பூஜையறையில் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். காசுக்கு மரியாதைதான், ஆனால் 'துலக்கப்பட்டது' என்று ஒரு குறிப்பு விழுந்தால் 70 புள்ளி அளவுகோலில் எண்ணே கிடைக்காது. விரல் முகப்பில் படாமல் ஓரத்தைப் பிடித்து, சின்னக் காகித உறையில் போட்டு, கிடைத்த தேதியை உறைமேல் எழுதி வைத்தால் போதும். செலவு ஒரு ரூபாய்கூட ஆகாது.

அந்தப் பூக்கடை 10 ரூபாய்க்கு வருவோம். நல்ல நாணயத்தின் எடை 7.71 கிராம், குறுக்களவு 27 மில்லிமீட்டர். எடை சரியாக இருந்து, வளையத்தில் சுத்தியல் தடம் இல்லாமல், சின்னம் கால்வாசிக்கு மேல் நழுவியிருந்தால் சென்னைக்குப் போகும்போது நாணயவியல் சங்கக் கண்காட்சி ஏதாவது ஒன்றில் இரண்டு மூன்று பேரிடம் காட்டி விலை கேட்கலாம். கேட்பதற்குக் காசு இல்லை. மூன்று பேரும் தனித்தனியாகப் பெரிய தொகை சொன்னால் அப்போது கிரேடிங் பற்றி யோசிக்கலாம். சின்னம் நூலளவு மட்டும் நழுவியிருந்தால், உறையில் போட்டுப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வைத்துக்கொள்ளலாம். அல்லது மலையேறும்போது உண்டியலில் போடலாம். அங்கே அது சரியாக 10 ரூபாய்க்குச் செல்லும்.